கழற்றிய பிறகே தொடங்கும் ஆபத்து: எலெக்ட்ரானிக் சிட்டியில் முதுமை அடையும் லித்தியம் பேட்டரிகள்

பெங்களூரு: ஓசூர் சாலையில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களை ஒட்டிய 332 ஏக்கரில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ஆம் ஆண்டு எலெக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கியபோது, தொழிற்கூடத்தில் பேட்டரி என்றால் அமிலம் நிரப்பிய ஈயப் பேட்டரி மட்டும்தான். இன்று தகவல் தொழில்நுட்ப வளாகங்களின் யு.பி.எஸ். அறைகளிலும், பொம்மசந்திரா, ஜிகனி வரை நீளும் கிடங்குகளின் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலும், தரை துடைக்கும் இயந்திரங்களிலும் அந்த இடத்தை லித்தியம்-அயன் பேட்டரிகள் படிப்படியாகப் பிடித்து வருகின்றன. விரைவாக மின்னேற்றலாம், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆயுளும் அதிகம் என்பதால் மாற்றத்துக்கான காரணங்கள் நியாயமானவை.

ஆனால் இந்த மாற்றம் குறித்த விவாதம் முழுவதும் பேட்டரியை வாங்கிப் பொருத்துவதோடு நின்றுவிடுகிறது. இயந்திரத்தில் பொருத்தப்பட்டிருக்கும் வரை, ஒவ்வொரு மின்கலத்தின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு பேட்டரிக்குக் காவலாக இருக்கிறது. கழற்றி ஒரு மூலையில் வைத்தவுடன் அந்தக் கண்காணிப்பை வெளியிலிருந்து பார்ப்பவர் யாரும் இல்லை. உள்ளே இருக்கும் மின்னாற்றல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு தென்கொரியாவில் கிடைத்தது. டேஜியான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 இரவு, கணினிச் சேவையகங்களுக்கு அருகே இருந்த யு.பி.எஸ். பேட்டரிகளைப் பாதுகாப்புக் கருதி வேறு தளத்துக்கு மாற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. 2014-இல் நிறுவப்பட்ட அந்த லித்தியம் பேட்டரிகள் பரிந்துரைக்கப்பட்ட 10 ஆண்டுப் பயன்பாட்டுக் காலத்தைக் கடந்திருந்தன. இணைப்பைத் துண்டிக்கும்போது பற்றிய தீயை முழுமையாக அணைக்கச் சுமார் 22 மணி நேரம் பிடித்தது. 709 அரசு மின்னணு அமைப்புகள் முடங்கின. அரசு ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்து வைத்த ‘ஜி-டிரைவ்’ அமைப்பு மாற்றுப் பிரதி இன்றி அழிந்தது. முதன்மை மின்துண்டிப்பான் அணைக்கப்பட்டிருந்தும், பேட்டரி அடுக்குகளின் தனித்தனித் துண்டிப்பான்கள் அணைக்கப்படவில்லை என்று அந்நாட்டுக் காவல்துறை பின்னர் தெரிவித்தது.

ஆபத்தைக் குறைப்பதற்காக மேற்கொண்ட பணியே விபத்தாக முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் மின்விளக்கு செத்துவிடும், பேட்டரி அப்படியல்ல. நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் தொடராக இணைக்கப்பட்ட யு.பி.எஸ். அடுக்கில், காப்பிடப்படாத ஒரு ஸ்பானர் தவறிய இடத்தில் விழுந்தால் போதும்.

பழைய பழக்கமும் பழைய இரும்புக் கடையும்

ஈயப் பேட்டரி தன்னைத் தானே அப்புறப்படுத்திக்கொள்ளும் பண்டம். ஈயத்துக்கு அன்றாடச் சந்தை விலை உண்டு. எடை போட்டுப் பணம் கொடுத்து எடுத்துச் செல்ல, தமிழில் காயலான் கடை என்றும் கன்னடத்தில் ‘குஜரி’ என்றும் சொல்லப்படும் பழைய பொருள் வணிகர் வாசலுக்கே வருவார். அவர் அதை உருக்கும் முறையில் மாசு உண்டு என்பது வேறு கதை. பேட்டரி தொழிற்கூடத்தில் தேங்காது என்பது மட்டும் உறுதி.

லித்தியத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஃபோர்க்லிஃப்ட்களிலும் மின்சேமிப்பு அமைப்புகளிலும் பரவலாகப் பயன்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. எளிதில் வெப்பச் சிதைவுக்கு உள்ளாகாது என்பது அதன் சிறப்பு. ஆனால் அதில் விலையுயர்ந்த கோபால்ட்டும் நிக்கலும் இல்லை. ஆகவே, எடுத்துச் செல்பவர் பணம் தருவதற்குப் பதிலாக, போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியே முதலில் எழுகிறது. பதில் கிடைக்கும் வரை பேட்டரி காத்திருக்கிறது: பெரும்பாலும் அடித்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, பழைய நாற்காலிகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே. தீ பற்றினால் மிக மோசமான விளைவைத் தரக்கூடிய இடமும் அதுவே.

செகந்திராபாத்தில் 2022 செப்டம்பர் 12 அன்று நிகழ்ந்த விபத்து இதை உணர்த்தியது. கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த மின்ஸ்கூட்டர் காட்சியகத்தில் பற்றிய தீயின் புகை மேல்மாடி விடுதிக்கு ஏறியதில் 8 பேர் உயிரிழந்தனர். லித்தியம்-அயன் மின்கலம் எரியும்போது வெளியாகும் வாயுக்களில் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் அடங்கும்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் பேட்டரி விதிகள் ஈய-அமிலப் பேட்டரிகளை மட்டுமே கவனத்தில் கொண்டிருந்தன. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைப் பேட்டரிகளையும் உள்ளடக்கின. குப்பைக் கிடங்கில் கொட்டுவதையும் எரிப்பதையும் தடை செய்தன. பேட்டரியைத் தயாரிப்பவர் மட்டுமல்ல, பேட்டரி பொருத்திய இயந்திரத்தை இறக்குமதி செய்பவரும் ‘உற்பத்தியாளர்’ ஆவார். கழிவைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அவருடையது. பயன்படுத்துவோரின் கடமை, பேட்டரியைப் பிற கழிவுகளோடு கலக்காமல் உரிய சேகரிப்பாளரிடமோ மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைப்பது.

விதிகளின் எண்களில் ஒரு விந்தை உண்டு. மின்வாகனப் பேட்டரியிலிருந்து மீட்டெடுக்க வேண்டிய மூலப்பொருளின் குறைந்தபட்ச அளவு 2026-27 முதல் 90 சதவீதம், யு.பி.எஸ். போன்ற தொழிலகப் பேட்டரிக்கு அது 60 சதவீதமே. உள்ளே இருக்கும் வேதிப்பொருள் ஒன்றாக இருந்தாலும், சாலையில் ஓடினால் ஓர் அளவுகோல், கட்டடத்துக்குள் நின்றால் இன்னொன்று. பாதுகாப்புத் தரத்திலும் இதே இடைவெளி தெரிகிறது. தொடர் மின்ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்குப் பின் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ்.-156 தரநிலை சாலை வாகனங்களுக்கானது. கிடங்குக்குள்ளேயே சுற்றும் ஃபோர்க்லிஃப்ட் அதன் வரம்பில் இல்லை.

எடையையும் சதவீதத்தையும் சான்றிதழையும் கணக்கிடும் இந்த ஏற்பாட்டில், கழற்றிய நாளுக்கும் வண்டி வந்து ஏற்றிச் செல்லும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் போதிய கவனம் பெறவில்லை. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை லித்தியம்-அயன் பேட்டரிக் கழிவுக்கு அடிப்படைச் சுங்க வரியிலிருந்து விலக்கு அளித்தது. அரிய கனிம மறுசுழற்சிக்கு ரூ.1,500 கோடி ஊக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. கடல் கடந்து கழிவை வரவழைக்க வழி செய்யப்பட்டுள்ளது. உள்ளூர் அடித்தளத்தில் கிடப்பதை எடுத்துவர யாருக்கு என்ன ஆதாயம் என்பது தெளிவாகவில்லை.

காத்திருக்கும் காலத்துக்கான நடைமுறை

இந்த இடைக்காலப் பாதுகாப்புக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. முழு மின்னேற்றத்துடன் இருக்கும் பேட்டரி, பாதிக்கும் குறைவாக உள்ளதைவிட மிக மூர்க்கமாக எரியும். தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயன் பேட்டரிகளை 30 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றத்துடன் விமானச் சரக்கில் ஏற்றக்கூடாது என்று 2016 முதல் சர்வதேச விதி இருப்பதும் இதனால்தான். எனவே கழற்றுவதற்கு முன், இயந்திரத்தைக் கொண்டே மின்னேற்றத்தைக் குறைக்க வேண்டும். முனைகள் இரண்டையும் காப்பு நாடாவால் மூட வேண்டும். உப்பியது, நசுங்கியது, நனைந்தது ஆகியவற்றை நல்லவற்றோடு சேர்த்து அடுக்காமல், கட்டடத்துக்கு வெளியே, கூரை நிழலில், வெளியேறும் வழியிலிருந்து விலகிய இடத்தில் தனியே வைக்க வேண்டும். மின்னாற்றலை வடிப்பதற்காகப் பெரிய பேட்டரியை உப்பு நீர்த் தொட்டியில் போடும் வழக்கம் ஆபத்தானது. ஹைட்ரஜன் வாயு எழும், முனைகள் அரிக்கும், உள்ளே ஆற்றல் மிச்சமிருக்கும்.

தீயணைப்பு முறையிலும் குழப்பம் நீடிக்கிறது. சுவரில் தொங்கும் உலர்பொடிக் கருவி வெளிச்சுடரை அடக்கலாம். உள்ளே ஒரு மின்கலத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் வெப்பத்தை நிறுத்தாது. லித்தியம்-அயன் பேட்டரிக்குத் தேவை, குளிர்விக்க ஏராளமான தண்ணீரும் மீண்டும் பற்றுகிறதா என்ற நீண்ட கண்காணிப்பும். ஆனால் மீட்டர்களிலும் உணர்விகளிலும் பயன்படும், மின்னேற்ற முடியாத லித்தியம் மின்கலங்களில் இருப்பது லித்தியம் உலோகமே. அது தண்ணீருடன் வினைபுரியும். ‘லித்தியம்’ என்று மட்டும் எழுதிய பெட்டி, வந்து சேரும் தீயணைப்பு வீரருக்குப் பாதித் தகவலைத்தான் தருகிறது.

தென்கொரியாவின் ஹ்வாசொங் நகரில், இவ்வகை மின்கலங்கள் சுமார் 35,000 இருந்த அரிசெல் ஆலைத் தளத்தில் 2024 ஜூன் 24 அன்று தீப்பற்றியது. முதலில் தொழிலாளர்கள் சாதாரணத் தீயணைப்புக் கருவியால் அணைக்க முயன்றனர். ஒரு நிமிடத்துக்குள் புகை அறையை மூடியது. இறந்த 23 பேரில் 18 பேர் வெளிநாட்டினர். பலர் ஒப்பந்த முகமை வழியே வந்தவர்கள். வெளியேறும் வழி அவர்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கு விசாரணை நீதிமன்றம் 2025 செப்டம்பரில் 15 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தெற்கே, அதே ஓசூர் சாலையில் தமிழ்நாடு எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியிலும் இப்படி ஒரு சேமிப்பிடத் தீ நேர்ந்தது. 2023 அக்டோபர் 7 அன்று அங்கு எரிந்தது பேட்டரி அல்ல, பட்டாசு. ஆனால் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குச் சென்ற இளைஞர்கள். பழைய பேட்டரியைத் தூக்கி வைக்கும் பணியும் நிரந்தர ஊழியரைவிட ஒப்பந்தத் தொழிலாளியிடமே எளிதில் போய்ச் சேரும் வேலை. தமிழும் கன்னடமும் இந்தியும் ஒடியாவும் பேசுவோர் சேர்ந்து உழைக்கும் இப்பகுதியில், ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட எச்சரிக்கைச் சீட்டு அவர்களில் பலருக்குப் பயன்படாது.

2010-களின் பிற்பகுதியில் நிறுவப்பட்ட லித்தியம் யு.பி.எஸ். அடுக்குகள் இப்பத்தாண்டின் இறுதிக்குள் டேஜியான் பேட்டரிகளின் வயதை எட்டும். அவற்றைக் கழற்ற ஒப்பந்தப்புள்ளி கோரும் நிறுவனங்கள் மூன்று விவரங்களை எழுத்தில் பெறலாம்: அடுக்கின் தனித் துண்டிப்பான்களை யார் அணைத்துச் சரிபார்ப்பார், கழற்றியது எத்தனை நாட்களுக்குள் வளாகத்தை விட்டு வெளியேறும், அதுவரை எங்கே வைக்கப்படும்.