நின்றுபோன இரத்தக்கசிவு

வயிற்றுப் பெருந்தமனியின் சுவர் தளர்ந்து புடைக்கும் அனூரிசம் நோய்க்கு, புடைத்த பகுதியை வெட்டி நீக்கி, இறந்தவரிடமிருந்து எடுத்த தமனியை ஒட்டாகத் தைத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சையைச் சார்ல் டுபோ 1951இல் பாரிசில் தொடங்கிவைத்தார். இரண்டே ஆண்டுகளில், பொருத்திய ஒட்டு குடலுக்குள் திறந்துகொண்ட முதல் நேர்வு பதிவாயிற்று. சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தின் மூன்றாம் பகுதி, அசைய இடமின்றிக் கட்டுண்டு தமனியின் முன்னே கிடப்பதால், ஒவ்வொரு துடிப்பிலும் தையல் வரிசை அதன்மேல் உராய்கிறது. கிருமித்தொற்றும் சேர்ந்தால் இரண்டுக்கும் இடையே வழி திறக்கிறது. பெருந்தமனி-குடல் பிஸ்டுலா எனப்படும் இது நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவை ஒட்டியே, பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து நேர்கிறது.

அரிது என்பதைவிட, முதல் கசிவு தானாக நின்றுவிடுவதே இதன் பெரிய ஆபத்து. சிறிது கருமலமோ ஒரு முறை இரத்த வாந்தியோ கண்டபின், உறைகட்டி துளையை அடைத்துக்கொள்ள, நோயாளி சில மணி நேரமோ சில நாட்களோ நலமாகவே இருக்கிறார். அதற்குள் வழக்கமான எண்டோஸ்கோப்பி டியோடினத்தின் இரண்டாம் பகுதியோடு திரும்பி, வழியில் கண்ட இரைப்பைப் புண்ணைக் காரணமாக எழுதிவிட்டால், விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. பெருந்தமனி ஒட்டு உள்ளவரின் குடல் இரத்தக்கசிவு, வேறு என்று நிறுவப்படும்வரை, பிஸ்டுலாவே எனக் கொள்ள வேண்டும்.

இந்த ஐயம் நோயாளியை முதலில் பார்க்கும் மருத்துவருக்கே எழ வேண்டும். சிசிலியின் பலேர்மோ நகரில் பாவோலோ ஜக்கோனே பல்கலைக்கழக மருத்துவமனையும், 1997இல் உருவான இஸ்மெட் உறுப்புமாற்று நிறுவனமும் உள்ளன. ஆயினும் மருத்துவமனையே இல்லாத லாம்பெடூசா தீவிலிருந்து நோயாளி ஹெலிகாப்டரில் வந்து சேருமுன், அவரை முதலில் பார்ப்பவர் தீவின் மருத்துவர்தான். எண்பதுகளிலிருந்து இந்நகரில் குடியேறி இப்போது முதுமையை எட்டும் ஈழத்தமிழரிடமோ, தெற்காசியருக்கு அனூரிசம் குறைவு என்ற எண்ணத்தால், பழைய அறுவை சிகிச்சை பற்றிய கேள்வியே எழாமல் போகலாம். தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் ஒட்டு வைத்தவருக்கு வயிற்றில் தழும்பும் இராது. கவட்டையைப் பார்த்தால்தான் சிறு வடு தெரியும், சில வேளை அதுவும் தெரியாது.

இரத்த அழுத்தம் நிலையாக உள்ளவருக்கு முதல் பரிசோதனை சி.டி. ஆஞ்சியோகிராம். அறுவைக்குப் பல மாதங்கள் கழித்தும் ஒட்டைச் சுற்றிக் காற்று தென்படுவது, குடலுக்கும் ஒட்டுக்கும் இடையிலான கொழுப்புப் படலம் மறைந்திருப்பது ஆகியவை அடையாளங்கள். சாயம் குடலுக்குள் கசிவது அபூர்வமாகவே படமாகும் என்பதால், அது இல்லாததைக் கொண்டு பிஸ்டுலாவை மறுக்க இயலாது. எண்டோஸ்கோப்பி தேவைப்பட்டால் டியோடினத்தின் இறுதிவரை செல்ல வேண்டும். அங்கே காணும் உறைகட்டியைத் தொடக்கூடாது. (அறுவைக்குப் பிந்திய முதல் சில நாட்களில் இரத்தக் கழிச்சல் கண்டால், பெருங்குடலின் இரத்த ஓட்டக் குறைவையே முதலில் ஐயுற வேண்டும்.) ஸ்டென்ட் ஒட்டு இரத்தத்தை உடனே நிறுத்தும் என்றாலும், தொற்றுள்ள பழைய ஒட்டை உள்ளேயே விட்டுவைப்பதால் அது இடைக்கால ஏற்பாடே. தாங்கக்கூடிய உடல்நிலை உள்ளவருக்கு ஒட்டை அகற்றி, அக்குள் தமனியிலிருந்து கால்களுக்கு மாற்றுவழி அமைப்பதோ, தொடைச் சிரையைக் கொண்டு அதே இடத்தில் சீரமைப்பதோ தேவைப்படும். இரண்டிலும் இறப்பு விகிதம் மிக உயர்வு. ஆகவே முதல் அறுவையின்போதே அனூரிசப் பையின் எஞ்சிய சுவரை ஒட்டின்மேல் மூடித் தைத்து, அது போதாதபோது வயிற்றுக் கொழுப்பு மடிப்பை இடையில் விரித்துவிட்டு, குடல் ஒட்டைத் தொடாதபடி செய்தபின்னரே வயிற்றை மூட வேண்டும்.