வாசித்தவர் பேர் என்ன?



கொட்டாம்பட்டி வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் இப்போது தவிலுக்கு முன்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்பதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் நாதஸ்வர மல்லாரி கிளம்பும். அதில் முப்பது விநாடியை வெட்டி, பரதம் படிக்கிற பிள்ளை ஆடிப் பதிவேற்றினால் போதும். விடிவதற்குள் மேலூரைத் தாண்டி மலேசியா வரை போய்விடுகிறது.

சங்கீதத்தைக் கொத்துக்கறி போடுகிறார்கள் என்று மூத்த வாசகர்கள் கோபப்படுவது உண்டு. எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. நம் மதுரை எம்.எஸ். சுப்புலட்சுமி 1926இல், பத்து வயதில், முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் கொஞ்சமும்தான் இடம். பெரிய வித்வான்களும் அதற்குள்தான் ராகத்தின் முகத்தைக் காட்டினார்கள். 2020இல் பதினைந்து விநாடியோடு இங்கே வந்த இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், 2025இல் மூன்று நிமிடத்துக்கு வளர்ந்திருக்கிறது. பழைய தட்டின் அளவுதான்!

கலப்பதும் குற்றமில்லை. சிங்கம்புணரி வழியாகக் கிழக்கே போனால் வருகிற குன்றக்குடியின் வைத்தியநாதன், வயலினில் சினிமாப் பாட்டும் வாசித்தார், வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடும் மல்லுக்கு நின்றார். 2022இல் பாரிஸ்காரரான ஈழத் தமிழ்ப் பெண் உஷா ஜே, அமெரிக்க ராப் பாட்டுக்குப் பரதத்தையும் ஹிப்ஹாப்பையும் சேர்த்து ஆடியதை உலகமே பார்த்தது. இரண்டிலும் கை தேர்ந்தவர் என்பதால் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை.

என் வருத்தம் வேறு. வீடியோவுக்குக் கீழே ஆடியவர், படம்பிடித்தவர், மேக்கப் போட்டவர், சில சமயம் புடவைக் கடை வரைக்கும் பேர் இருக்கிறது. வாசித்தவர் பேரைக் காணோம். படத்தின் ஓரத்தில் கூடு மாட்டிய விரல்கள் தவிலில் துள்ளும். நாதஸ்வரத்திலிருந்து நூலில் சீவாளிகள் தொங்கும். முகம் ஃபிரேமுக்கு வெளியே. போதாக்குறைக்கு, அவர் மூச்சைப் பிடித்து வாசித்தது பதிவேற்றியவர் கணக்கில் ‘ஒரிஜினல் ஆடியோ’ ஆகிவிடுகிறது.

1902இல் கல்கத்தாவில் முதல் இசைத்தட்டுகளுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பேரைத் தானே உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில். பாடியது யார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அந்த மூன்று நிமிடத்திலும் பேருக்கு இடம் இருந்தது.

வீடியோ எடுக்கிற தம்பி தங்கைகளே, மேளம் ஓய்ந்து அவர்கள் வெற்றிலை மடிக்கிற நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் போங்கள். “ஐயா, உங்க பேரு? எந்த ஊரு? யாருகிட்ட படிச்சீங்க?” என்று கேளுங்கள். அதை வீடியோவின் முதல் வரியில் போடுங்கள், எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அதற்காக அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்