வேதாளத்தின் கேள்வி

"குழந்தைகளிடம் பேய்க் கதைகளைச் சொல்லாதீர்கள்; மனம் கெட்டுவிடும்" என்று தாய்மார்கள் பாட்டிமார்களைக் கடிந்துகொள்வதுண்டு. கொலையும் வஞ்சகமும் நிறைந்த விக்கிரமாதித்தன் கதைக்கு அதனால் பல வீடுகளில் இடமில்லை. என்னைக் கேட்டால், பாட்டியின் கட்சியே சரி என்பேன்.

ஏனெனில் அது வெறும் கதையன்று, ஒரு விளையாட்டு. தோளில் தொங்கும் வேதாளம் கதையைச் சொல்லி, "குற்றம் யாருடையது?" என்று கேட்கிறது. விடை தெரிந்தும் ராஜா மௌனம் சாதித்தால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தாலோ, வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும்!

பதினோராம் நூற்றாண்டில் காச்மீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இப்படி ஒரு கதை உண்டு. பசியால் வாடிய வழிப்போக்கனுக்கு ஒரு புண்ணியவதி அன்னமிட்டாள். அவன் அதை மரத்தடியில் வைத்துவிட்டுக் கைகால் கழுவச் சென்றான். மரத்தின்மேல் ஒரு பருந்து பாம்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாம்பின் விஷம் சோற்றில் சொட்டியது. உண்டவன் மாண்டான். அன்னமிட்டவளைக் கணவன் வீட்டைவிட்டே துரத்தினான். பாவம் யாரைச் சேரும்?

பாம்பு பரவசப்பட்டது, பருந்து தன் இரையைத் தின்றது, அவளோ தர்மம் செய்தாள். ஆராயாமல் இவர்களில் ஒருவர்மேல் பழி சுமத்துகிறவனுக்கே பாவம் என்றான் ராஜா.

இக்கதை எனக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தை நினைவூட்டுகிறது. 2021 டிசம்பரில், கைபேசித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு கெட்டு, 150-க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகள் இறந்ததாக வதந்தி பரவியது. அது பொய், ஆனால் அச்சம் மெய். பெண்கள் திரண்டு சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தகுந்த தரத்தில் இல்லை என்று, கைபேசிகளை விற்கும் அந்நிய கம்பெனியே பின்னர் ஒப்புக்கொண்டது.

சமையற்காரனைப் பிடித்து உதைத்தால் நியாயம் ஆகிவிடுமா? ஆகாது; அது கதையில் வரும் கணவனின் நியாயம். அதற்காக, "எல்லாம் விதி" என்று கைகழுவவும் இயலாது. மரத்தின்மேல் பருந்து இருந்ததை அந்தப் புண்ணியவதி அறியாள். விடுதியை நடத்துவோருக்கோ, அண்ணாந்து பார்ப்பதே கடமை. அந்தக் கைபேசியைக் கையில் வைத்திருக்கும் நாமும் மரத்தடியில்தான் நிற்கிறோம்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் திறந்துவைத்தார். மிகவும் நல்ல காரியம். ஆனால் அத்தனை பேருக்கும் அன்னம் பக்குவமாகிறதா என்று நாள்தோறும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆராயாமல் பழிப்பது ஒரு கொடுமை. அறிந்தும் வாய்மூடியிருப்பது மற்றொன்று. இரண்டையும் வேதாளம் மன்னிப்பதில்லை. இன்றிரவு குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ராஜாவின் விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன சொல்வாய்?" என்று முதலில் கேளுங்கள்.