பக்கத்து சீட்டில் யார்?

செஞ்சிக் கோட்டை மேல எப்பவாவது ஹெலிகாப்டர் தாழப் பறந்தா எங்க ஓபி வரிசையே அண்ணாந்து பார்க்கும். கடற்படை ஹெலிகாப்டர் பைலட்டுகள் பழகுவது நம்ம அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில்தான் என்று சொன்னேன். "கத்துக்கிறவங்க ஓட்டுனா விழுந்துடாதா சார்?" என்று கேட்டார் ஒரு பாட்டி.

நியாயமான கேள்வி. விழுந்திருக்கிறது. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1992 ஜூன் 29. அமெரிக்காவின் கலிபோர்னியா, ரிச்மண்ட் அருகே ஒரு பயிற்சி வகுப்பு. ராபின்சன் ஆர்-22 என்ற சின்ன ஹெலிகாப்டர். ரெண்டே சீட். ஒன்றில் மாணவர், ஒன்றில் பயிற்சியாளர். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதுபோல இருவராலும் இயக்க முடியும்.

மாணவர் பாடத்தை டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்தார். பயிற்சியாளர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு பாதியில் அறுகிறது. மேலே சுழலும் இறக்கை ஹெலிகாப்டரின் உடலிலேயே மோதிவிட்டது. இருவரும் இறந்துபோனார்கள்.

"பழகுறவன் தப்பு" என்று எழுதி ஃபைலை மூடியிருக்கலாம். மூடவில்லை. இதேபோல நடந்த மற்ற விபத்துகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். 1995-ல் சிறப்பு விதி வந்தது. இந்த ஹெலிகாப்டரின் ஆபத்துகளைப் படித்து முடிக்காமல் யாரும் அதை ஓட்டக் கூடாது. சொல்லிக்கொடுப்பவருக்கும் குறைந்தபட்சப் பறக்கும் அனுபவம் கட்டாயம்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2025 ஜனவரி 5, குஜராத் போர்பந்தர். பயிற்சிப் பறத்தல் முடிந்து இறங்கும்போது கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்தது. மூன்று பேர் பலி. உடனே முப்படைகளிலும் துருவ் ஹெலிகாப்டர்களைத் தரையில் நிறுத்தினார்கள். பைலட்டின் கட்டளையை இறக்கைக்குக் கொண்டுபோகும் ஸ்வாஷ்பிளேட் என்ற பாகம் முறிந்தது விசாரணையில் தெரிந்தது. வீடியோவைப் பார்த்தே "பைலட் தப்பு" என்று தீர்ப்பு சொல்வதற்கு முன் இதை நினைச்சுக்கோங்க.

இனி என் கதை.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி. விடியற்காலை மூணு மணி. ஆன்டிபயாடிக் பொடியைக் கலக்க டிஸ்டில்டு வாட்டர் எடுத்தேன். "டாக்டர், நில்லுங்க, லேபிளைப் பாருங்க" என்றார் வயசான சிஸ்டர். கையில் இருந்தது பொட்டாசியம் குளோரைடு. அதை நேராக நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இரண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஆம்பியூல், ஒரே டிரேயில்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம். மறுநாளும் ரெண்டும் அதே டிரேயில்தான் இருந்தன. இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துவது அதுதான். அடுத்த ஹவுஸ் சர்ஜனுக்கு அதே குழியை விட்டுவைத்தேன்.

விமானத் துறை "எது தப்பாச்சு?" என்று கேட்கிறது. நாம் "யாரை மாத்தலாம்?" என்று கேட்கிறோம். சஸ்பெண்ட், டிரான்ஸ்ஃபர், முடிந்தது கதை. இப்படிப் பயமுறுத்தினால் சின்னத் தவறுகள் மறைக்கப்படும். பெரிய தவறு நடந்த பிறகுதான் வெளியே தெரியும். அலட்சியத்துக்குத் தண்டனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தண்டனை மட்டும் அந்த டிரேயைப் பிரித்து வைக்காது.

நமக்கு இது முடியாத காரியமும் இல்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பையும் ஆய்வு செய்கிறோம். எங்கே தாமதம், ரத்தம் இருந்ததா, ஆம்புலன்ஸ் வந்ததா என்று கேட்கிறோம். நூலிழையில் தப்பிய தவறுகளுக்கும் அதே வேண்டும். பயமில்லாமல் எழுதிக் கொடுக்க ஒரு வழி வேண்டும். பழகும் டாக்டர் பக்கத்தில் ராத்திரியிலும் ஒரு சீனியர் வேண்டும்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். இளம் டாக்டர் ஊசி போட வந்தால் விரட்டாதீங்க. அவர் இன்று பழகாவிட்டால் நாளை உங்களுக்கு டாக்டர் இல்லை. "சீனியர் இருக்காங்களா தம்பி?" என்று தயங்காமல் கேளுங்க. அது உங்கள் உரிமை, அவருக்கும் பாதுகாப்பு.

பாட்டிக்கும் இதைத்தான் சொன்னேன். "கத்துக்கிறவர் ஓட்டலாம் பாட்டி, பக்கத்து சீட் காலியா இருக்கக் கூடாது."