முத்திரை ஏந்தும் முன்னே...

கர்ணமென்றும் மணியக்காரரென்றும் தந்தை அமர்ந்த இடத்தில் தனயன் அமர்ந்த காலம் ஒன்று இருந்தது. பிறப்பே தகுதி, பரம்பரையே பட்டம்! 1980 நவம்பரில் அப்பதவிகள் ஒழிந்தன. தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். வரவேற்கிறோம்!

ஆனால், தேர்வு மட்டும் போதுமோ? அதிகாரிக்கு அடங்கல் எழுதவும் நிலம் அளக்கவும் கற்பிக்கிறோம். எதிரே நிற்பவனும் மனிதனே என்பதைக் கற்பிப்பவர் யார்?

நம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைக் கேளுங்கள்! 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி அந்த மலைவாழ் மக்களின் சிற்றூருக்குள் புகுந்தோர் கொள்ளையரல்லர். வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த்துறையினர்! வீடுகள் நொறுங்கின. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். 19 ஆண்டுகள் கழித்து, 2011-இல், தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! 2023-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அவர்கள் பரம்பரைப் பதவியினரா? அல்லர், அரசு தேர்ந்தெடுத்து அமர்த்தியவர்கள்!

ஆகவே கேட்கிறோம்: பவானிசாகர் முதலாய பயிற்சி நிலையங்களிலெல்லாம் வாச்சாத்தித் தீர்ப்பு முதற்பாடமாகட்டும். அப்பாடத்தில் தேறாதவர் கையில் அரசு முத்திரை எதற்கு?