புது பிளேடு மட்டும் போதாது, ஆட்சியர் அவர்களே

விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



இதைத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகவே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏதாவது ஒரு துறைக்குப் போகும். அந்தத் துறை ‘இது எங்கள் வரம்பில் வராது’ என்று பதில் எழுதும். அதில் பொய்யும் இருக்காது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் முடியெடுக்கும் இடம் அறநிலையத் துறைக்கு உரியது. அங்கே உட்காருபவரின் உடம்பும் கத்தி பிடிப்பவரின் உடம்பும் சுகாதாரத் துறையின் கவலை. கோயிலைத் தாண்டிக் கிடக்கும் குப்பை ஊராட்சியின் பாடு. மூன்றுக்கும் நடுவில் கிடக்கிறது நான் சொல்ல வந்த விஷயம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு முன்னால் பஸ், குடிநீர், போலீஸ் பந்தோபஸ்து பற்றிப் பேச எப்படியும் எல்லாத் துறைகளையும் கூப்பிட்டு உட்காரவைப்பீர்கள். அன்றைக்குக் கத்தி, நகவெட்டி இந்த இரண்டையும் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்பதுதான் கோரிக்கை.

நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுவதை எந்த ஆற்றங்கரைக் கோயிலிலும் பக்கத்தில் நின்று பாருங்கள். தாய்மாமன் மடியில் பிள்ளை. தொழிலாளி வாளித் தண்ணீரை அள்ளித் தலையில் தேய்க்கிறார். உறையைப் பிரித்து, பிளேடைப் பாதியாக ஒடித்து, கத்தியில் செருகுகிறார். புது பிளேடுதான், தாயும் அதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார். பிள்ளை திமிறுகிறது. காதுக்குப் பின்னால் ஒரு கீறல், கடுகளவு ரத்தம். கத்தி அதே வாளியில் முங்கி எழுகிறது. பிறகு சந்தனம். கீறலைத் தடவிய விரல் மறுபடியும் சந்தனக் கிண்ணத்துக்குள் போகிறது. அடுத்த பிள்ளைக்கும் புது பிளேடு உண்டு. வாளியும் கத்திப்பிடியும் கிண்ணமும்தான் பழையவை.

இருக்கன்குடியைத் தனியாகக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் ஆடி மாதம் திரளும் கூட்டத்தை வைத்துத்தான் இருக்கன்குடியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். இங்கே சரியாக நடந்துவிட்டால் மற்றக் கோயில்கள் சாக்குச் சொல்ல முடியாது.

கடுகளவு ரத்தத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விவரம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், காய்ந்துபோன ரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே அதற்குப் போதும். அது கொண்டுவரும் மஞ்சள் காமாலை என்றதும் நம் பக்கத்தில் கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கிறோம். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியின் பலன் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதியது உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. பெரியவர்களுக்கு வரும் பி காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். ஆனால் பச்சைப் பிள்ளைக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பிலேயே தங்கிவிடும். மொட்டைக்கு உட்காருபவர்களில் பலர் பிள்ளைகள்தானே?

ரத்தம் சம்பந்தப்பட்ட அலட்சியம் என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்ஐவி இருந்தது நாடு முழுக்கப் பேச்சானது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கி வழியாக வந்த ரத்தம் அது. அந்த உண்மை வெளிவந்தது எந்தப் பதிவேட்டாலும் அல்ல; வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்ட இளைஞர், தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தானாக வந்து சொன்னதால்தான். அதற்குள் காலம் கடந்திருந்தது. அந்த இளைஞரும் பிழைக்கவில்லை. கத்தியால் எச்ஐவி பரவும் என்று பீதி கிளப்ப நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கிருமி காய்ந்தால் சீக்கிரம் செயலிழந்துவிடும், முடிவெட்டும் கடையில் அது தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. சோதனையும் கணக்கும் தளர்ந்த இடத்தில் யார் தலையில் விடிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கோயிலைவிட்டு ஊருக்குள் வருவோம். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் ஏறி ஈயம் பூசினாற்போல மின்னும். சோப்புக்குப் போகாது. ஊக்கால் சுரண்டுவார்கள், சதை கிழியும். கல்யாணம் நிச்சயமானால் பியூட்டி பார்லர். அங்கே கையும் காலும் வெந்நீரில் ஊறும், நகம் வெட்டி, ஓரத்துத் தோலைச் சின்னக் கொறட்டால் நறுக்கி, அட்டை ஃபைலால் தேய்த்துவிடுவார்கள். ஏற்கெனவே கிழிந்திருக்கும் நகக்கண்ணுக்கு இது தோதான வாசல். நகச்சுத்து, சொத்தை நகம் எல்லாம் இந்த வழியில்தான் ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குப் போகின்றன. ஆண்கள் சலூனில் கதை இன்னும் எளிது: நூலில் கட்டித் தொங்கும் ஒரே நகவெட்டி. சர்க்கரை நோயாளி ஒருவர் கால் ஆணியைச் செதுக்கிக்கொள்வதும் அங்கேதான். உணர்ச்சி மரத்த காலில் பட்ட வெட்டு அவருக்குத் தெரியாது. தெரியும்போது விரலை எடுக்கச் சொல்வார்கள்.

பார்லர்களில் நீல வெளிச்சம் போட்ட பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் வைத்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்பிக்கை. வெளிச்சம் படுகிற பக்கம் மட்டும்தான் ஏதோ நடக்கும். கொறட்டின் இடுக்கில் ஒட்டிய தோலுக்கு அடியில் ஒன்றும் நடக்காது. டெட்டாலில் முக்கி எடுப்பதும் அப்படித்தான். அட்டை ஃபைலை எந்த வழியிலும் சுத்தப்படுத்த முடியாது, ஒருவருக்கு ஒன்று என்று தூக்கிப்போட வேண்டியதுதான்.

கருவியை மட்டும் பார்த்து ஏமாந்த ஊர்கள் பெரிய நாடுகளிலும் உண்டு. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாட்சன்வில் என்ற ஊரில், ஒரே நக அலங்காரக் கடைக்குப் போன 100க்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் கிளம்பின. கடைசியில் பார்த்தால் கால் ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீரை உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் தோலும் சேர்ந்து கிடந்து, அதில் கிருமி குடியிருந்தது. நம் ஊர் வாளியையும் சந்தனக் கிண்ணத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வழி இல்லாமல் இல்லை. கருவிகளைப் பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கோடு வேகவைத்தால் பலனில்லை. பிறகு துணியில் சுற்றி, 121 டிகிரி நீராவியில் அரை மணி நேரம். நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் சூடு ஏறக்குறைய அதுதான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பதுபோன்ற ஆட்டோகிளேவ் ஒன்றை இருக்கன்குடியில் முடியெடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தொழிலாளிக்கு ஆளுக்கு நான்கு கத்திப்பிடி கொடுத்தால் ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றவை வெந்துகொண்டிருக்கும். வாளிக்குப் பதில் குழாய். கிண்ணத்துக்குப் பதில் இலைத் துண்டில் சந்தனம். திருவிழா இல்லாத நாட்களில் சாத்தூர் வட்டத்து சலூன்காரர்களும் பார்லர் பெண்களும் தங்கள் இரும்புச் சாமான்களைக் கொண்டுவந்து வேகவைத்துக்கொள்ளட்டும். சுயஉதவிக் குழுக் கடனில் கடை போட்ட பெண்ணை ஆட்டோகிளேவும் வாங்கு என்றால் எங்கே போவார்?

நோட்டீஸ் ஒட்டி அபராதம் போடுகிற வழியை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். 2020இல் ஊரடங்கு தளர்ந்து சலூன்கள் திறந்தபோது ஆதார் எண்ணை எழுதி வாங்கச் சொன்னது அரசு. பயம் தீர்ந்ததும் நோட்டு மூடப்பட்டது. தவிர, முடியெடுக்கும் சமூகம் ஒரு காலத்தில் ஊருக்கே வைத்தியமும் பிரசவமும் பார்த்தது. இந்த மாவட்டத்தில் பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவி கொண்டுபோகக் கூடாது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். கருவி தப்பானால் உயிர் போகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் மக்கள். வசதி செய்து கொடுத்தால் கடைப்பிடிப்பார்கள்.

முதலில் ஆபத்து தொழிலாளிக்குத்தான். ஒரு நாளில் எத்தனையோ தலை. ஒடிக்கும் பிளேடு விரலைக் கிழிக்காத நாள் கிடையாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. தையில் தொடங்கினால் மாசியில் இரண்டாவது, ஆடியில் மூன்றாவது. கோயில் நாள்காட்டியோடு இவ்வளவு பொருந்தும் அரசுத் திட்டம் வேறு இருக்குமா தெரியவில்லை.

2021 செப்டம்பரில் கோயில்களில் முடிகாணிக்கைக் கட்டணம் ரத்தானது. தொழிலாளிகளுக்கு மாதம் 5000 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. நல்ல முடிவு. ஆனால் மழித்த முடிக்கு எடை உண்டு, ஏலம் உண்டு, கணக்கு உண்டு. மழித்த பிளேடுக்கு எந்தக் கணக்கும் இல்லை. மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, கொடுத்த பிளேடுக்குத் திரும்பிய பிளேடு சரியா என்று எண்ணி, மருத்துவக் கழிவு ஏற்றும் வண்டியில் அனுப்ப ஒரு ஆள் போதும். கணக்கில்லாத பிளேடு விழுவது ஆடி வெள்ளியில் பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கும் மணலில். அந்த ஆள் கோயில் பணியாளரா ஊராட்சிப் பணியாளரா என்பதைக் கூட்டத்தில் நீங்கள் முடிவு செய்து, நடவடிக்கைக் குறிப்பில் பதவிப் பெயரோடு எழுதவையுங்கள்.

இப்படிக்கு,
சாத்தூர் வட்டத்துக் குடிமகன்