ஆலையை மூடினால் ஆயிற்றா?

ராணிப்பேட்டை குரோமியக் கழிவு பற்றி நான் போன வாரம் பகிர்ந்த செய்திக்குக் கீழே ஒரு பழைய மாணவர், "சார், அந்த கம்பெனி மூடி முப்பது வருஷமாச்சு, இன்னும் அதையே பேசணுமா?" என்று கேட்டிருந்தார். மூடி முப்பது வருஷமாகியும் சுத்தம் செய்யவில்லை என்பதுதானப்பா என் பேச்சே!

தோல் பதனிட வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை அது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்று பெயர். சிப்காட்டில் சுமார் 20 ஆண்டு ஓடி, 1990களின் நடுவில் நின்றது. வளாகத்தில் கொட்டிய கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. முதலாளி போனார், மேடு அங்கேயே நின்றது. ஒவ்வொரு மழையும் அதில் ஊறி, மஞ்சள் தண்ணீராக நிலத்துக்குள் இறங்கியது. உலகில் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று 2006இல் ஒரு பட்டியல் வந்ததே, அதில் ராணிப்பேட்டை இருந்தது இதனால்தான்.

பிளஸ் டூ லேபில் பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாள் பச்சையானது நினைவிருக்கிறதா? ஆரஞ்சு நிறத்தில் இருந்தது குரோமியம் ஆறு. பச்சை, குரோமியம் மூன்று. ஆறு தண்ணீரில் எளிதாகக் கரையும், ஓடும், புற்றுநோய் தரும். மூன்று பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும், நச்சும் மிகக் குறைவு. பெர்ரஸ் சல்பேட் போட்டால் ஆறு மூன்றாகும். நிலத்தடி நீரையும் மேலே இறைத்து இதே முறையில் சுத்திகரிக்கலாம். காசும் காலமும் பிடிக்கும், ஆனால் வழி தெரியாத வேலை இல்லை. "இதற்கு டெக்னாலஜி இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். (உங்களில் பாதிப் பேர் அந்தப் பரிசோதனையைப் பார்த்து எழுதினீர்கள், அது வேறு கதை.)

மேட்டின் மேல் ஷீட் விரித்து, மண் போட்டு, புல் வளர்த்துவிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். அது மேலிருந்து வரும் மழையைத் தடுக்கும், சரி. ஏற்கெனவே கீழே இறங்கிப் பரவிவிட்ட நஞ்சை என்ன செய்யும்? குடை பிடித்தால் நனைந்த சட்டை காயுமா?

இன்னொரு வேடிக்கை. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்த வழக்கில்தான், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் உறுதி செய்தது. இழந்தவர்களுக்கு ஈடு தருவது மட்டுமல்ல, கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் அதில் அடக்கம். நாடு முழுக்க வக்கீல்கள் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். அது பிறந்த மண்ணில் இந்த மேடு நிற்கிறது. மாசுபட்ட இடங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவர 2025 ஜூலை ஆயிற்று. லாபம் எடுத்தவர் ஒருவர், சுத்தம் செய்ய நம் வரிப்பணம் என்றால், அந்தத் தீர்ப்பு எதற்கு?

"நாங்க கேன் தண்ணிதான் குடிக்கிறோம்" என்கிறீர்கள். மாடு என்ன குடிக்கிறது? கீரைக்கு எதை விடுகிறீர்கள்?

சிப்காட்டைச் சுற்றிக் கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். டிடிஎஸ் மட்டும் பார்த்தால் இது தெரியாது. குரோமியம் என்று தனியாகக் கேளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் போகாது. முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், கலெக்டருக்கு மனு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.